சேர்வராயன் குகைக் கோயில்: குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் போடும் கணக்கு அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலில் ஏரி, படகு, அண்ணா பூங்கா, மதியச் சாப்பாடு, அப்புறம் "அப்படியே" சேர்வராயன் கோயில். அந்தக் கணக்குப்படி போனால் கோயிலில் இறங்கும்போது மணி மூன்றாகிவிடும். குகை வாசலில் வரிசை நிற்கும், பிள்ளைகள் தூங்கி வழியும், பெரியவர்களுக்குக் காலையிலிருந்து நடந்ததில் முழங்கால் கடுக்கும். அந்த நிலையில் குனிந்து இருட்டுக்குள் போகச் சொன்னால் பாதிப் பேர் வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்பார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால் போதும். மலை ஏறியதும் முதல் வேலை குகை, மற்றதெல்லாம் இறங்கும் வழியில்.

கோயில் என்றதும் கோபுரமும் பிராகாரமும் மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். மலை உச்சியில் விரிந்து கிடக்கும் சமதளம், அதன் ஓரத்தில் ஒரு குகை, குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். அவ்வளவுதான். மலைத்தொடருக்கே இந்தச் சாமியின் பெயர்தான். உச்சியின் உயரம் 5,326 அடி, அதாவது ஏறக்குறைய 1,623 மீட்டர். ஏற்காடு ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். வாசல் பக்கம் வரை வண்டி போகும் என்பதால் படியேற்றம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை குகையின் உயரத்தில் இருக்கிறது.

கூரை தாழ்வு. நடுத்தர உயரமுள்ளவர்கூட இடுப்பை வளைத்துத்தான் போக வேண்டும். நிறைய பேர் உள்ளே போகும்போது ஒழுங்காகக் குனிகிறார்கள். கும்பிட்டு முடித்துத் திரும்பும்போதுதான், வெளிச்சத்தைப் பார்த்த நிம்மதியில், இரண்டடி முன்னாலேயே நிமிர்ந்து தலையை இடித்துக்கொள்கிறார்கள். உடம்பு முழுக்க வெளியே வந்தபிறகு நிமிருங்கள் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டோ இடுப்பில் வைத்துக்கொண்டோ போகக் கூடாது. நாம் குனியும்போது குழந்தையின் தலை பக்கவாட்டுப் பாறையிலோ கூரையிலோ போய் முட்டும். நெஞ்சோடு அணைத்து, ஒரு உள்ளங்கையால் அதன் உச்சந்தலையை மூடிக்கொண்டு போவதுதான் சரி. இன்னொரு கையைப் பாறையில் ஊன்றிக்கொள்ளலாம்.

கண்ணுக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். உச்சியில் மரம் குறைவு, வெயில் நேரே அடிக்கும். அந்த வெளிச்சத்திலிருந்து சட்டென்று குகைக்குள் நுழைந்தால் முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழகப் பல நிமிடங்கள் பிடிக்கும். வரிசையில் நிற்கும்போதே கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு வந்ததும் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே பெரிய வித்தியாசம் தெரியும். செல்போன் டார்ச் அடிப்பதானால் தரையைப் பார்த்து அடியுங்கள். எதிரே வருகிறவர் முகத்தில் அடித்தால் அவருக்கு அடுத்த நொடி எதுவும் தெரியாது, நடுக்குகையில் அப்படியே நின்றுவிடுவார், பின்னால் எல்லாம் தேங்கிவிடும்.

தரை வழுக்கும். பாறையில் கசியும் ஈரம், விளக்கிலிருந்து சொட்டும் எண்ணெய், ஆட்களின் காலோடு வரும் மண் மூன்றும் சேர்ந்து மெல்லிய சேறாகப் படிந்திருக்கும். வெறுங்காலோடு போவதால் குதிகாலை அழுத்தி வைக்காமல் பாதம் முழுவதும் பதியும்படி சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பட்டுப்புடவையின் கொசுவம், எட்டு முழ வேட்டியின் நுனி இவைதான் குனியும்போது காலில் மிதிபடும். வேட்டியை மடித்துக் கட்டுவது மரியாதைக் குறைவு என்று நினைத்தால், கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம்.

காற்றோட்டம் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள். கற்பூரமும் ஊதுபத்தியும் எரிய, பத்து இருபது பேர் நெருக்கி நிற்க, கொஞ்ச நேரத்தில் உள்ளே புழுக்கமும் புகையுமாக ஆகிவிடும். இழுப்பு இருப்பவர்கள், நெருக்கடியான இடம் என்றால் படபடப்பு வருகிறவர்கள் கூட்டத்தோடு போகாமல், ஒரு தொகுதி வெளியே வந்தபிறகு அடுத்த தொகுதியின் முதல் ஆளாகப் போய் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவது நல்லது. தேங்காய் பழத் தட்டை யார் கையில் கொடுப்பது என்பதை வாசலிலேயே முடிவு செய்துவிடுங்கள். உள்ளே நின்று "நீ வாங்கு, நான் வாங்கு" என்று கைமாற்ற இடமே கிடையாது.

முழங்கால் மூட்டு தேய்ந்த அம்மாயியையோ, குனிந்தால் தலை சுற்றும் பெரியப்பாவையோ "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க" என்று வற்புறுத்துவது வேண்டாத வேலை. வாசலில் நின்று கும்பிடுகிறவர்கள் நிறைய பேர். உள்ளே போய் வந்தவர் விபூதியைக் கொண்டுவந்து கொடுத்தால் அவர்களுக்கு அதுவே நிறைவு.

இந்தக் குகை காவிரி வரை போகிறது என்று மலையில் சொல்வார்கள். அது நம்பிக்கை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு, எங்கே போகிறது பார்க்கலாம் என்று பையன்கள் இருட்டு மூலைகளில் தலையை விடுவார்கள், ஒரு கண் வைத்திருங்கள். சேர்வராயன் இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம். கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவரின் வழி இந்த மலைக்காரர்கள் என்றும், மற்ற இருவர் வழியினர் வேறு மலைகளுக்குப் போனார்கள் என்றும் அவர்களுடைய கதை. ஆண்டுத் திருவிழா மே மாதத்தில் வரும். சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் எல்லாம் அன்று உச்சியில்தான் இருக்கும். திருவிழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நிதானமாகக் குகைக்குள் போய்வர வேண்டும் என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்காட்டுக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அதே மாதத்தில்தான், மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டி நிற்கும்.

உச்சியின் மண் செக்கச்செவேலென்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையின் உடம்பு சார்னோகைட் என்னும் கருங்கல். அதன் மேல்பகுதி நெடுங்காலம் மழையில் கரைந்து, இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சிச் செம்புரைக்கல் தொப்பியாக இறுகியிருக்கிறது. உச்சி கூம்பாக இல்லாமல் மேசைபோலத் தட்டையாக இருப்பதற்கு அதுதான் காரணம். இந்தப் பக்கத்தில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்கள். அந்தச் செம்மண்தான் நம் வெள்ளை வேட்டிக்கு எமன். கறை பட்டால் அங்கேயே தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். நூலுக்குள் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு உதறி, பிரஷ்ஷால் தட்டி எடுத்து, மிஞ்சிய கறையில் எலுமிச்சைச் சாறும் கல்லுப்பும் தேய்த்து அரை மணி நேரம் வைத்துவிட்டுத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். அந்தக் கறை இரும்புத் துரு வகை, புளிப்புக்குத்தான் மசியும். சோப்புத்தூள் மட்டும் போட்டு அலசினால் லேசான காவி நிறம் தங்கிவிடும்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். உச்சிக்கும் ஊருக்கும் 1,300 மீட்டருக்கு மேல் வித்தியாசம் என்பதால் வெப்பம் எட்டு ஒன்பது டிகிரி குறையும். ஏப்ரலில் அது சுகம். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழரை மணிக்கு உச்சியில் இறங்கினால் காற்று காதைப் பிடுங்கும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஸ்வெட்டரைவிடக் காதை மூடும் குல்லாதான் முக்கியம். பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்கும் வண்டிகூடத் தெரியாது. பரந்த வெளி என்பதால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ சட்டை போட்டுக் கூட்டி வருவது நல்ல யோசனை.

குரங்குகள் உண்டு. அவற்றுக்குப் பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு நன்றாகத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை, சத்தம் கேட்டாலே பிடுங்கும். பூஜைப் பொருளை மஞ்சப்பையில் போட்டு, வாழைப்பழத்தை அடியில் வைத்து, தேங்காயை மேலே வைத்தால் அநேகமாகத் தப்பிக்கலாம். கேரி பேக் வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருப்பது இன்னொரு காரணம். பறித்துவிட்டால் திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள். பழம் போனால் போகட்டும், கடி வாங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இனி வீட்டிலிருந்து கிளம்பும் கதை. ஆறு மணிக்கு வண்டி எடுத்தால் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்தை ஆறரைக்குள் தொட்டுவிடலாம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. அவசரப்படாமல் போனால் ஏழேகாலுக்கு ஏற்காட்டின் ஒண்டிக்கடை சந்திப்பு. அங்கே டீ குடித்துக்கொண்டே கோயில் நடை எப்போது திறக்கிறார்கள், மேலே மூட்டம் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலிருந்து வந்த ஆட்டோக்காரர் யாராவது இருப்பார், அவர் சொல்வதுதான் அன்றைய நிலவரம். பெட்ரோலைச் சேலத்திலேயே போட்டுவிடுங்கள்.

பஸ்ஸில் வருகிறவர்கள் சேலத்தில் ஏறி ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோவோ வேனோ பிடிக்க வேண்டும். போக மட்டும் பேசாதீர்கள். காத்திருந்து திரும்பக் கூட்டி வர எவ்வளவு, எத்தனை நேரம் காத்திருப்பார், வழியில் எங்கெங்கே நிறுத்துவார் என்று மூன்றையும் சேர்த்துப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். உச்சியில் காலியாக நிற்கும் வண்டி கிடைப்பது நிச்சயமில்லை.

வாந்திதான் இந்தப் பாதையின் நிரந்தரத் தலைவலி. கண் பார்ப்பதும் காதுக்குள் உணர்வதும் ஒத்துப்போகாததுதான் காரணம். கீழே குனிந்து செல்போன் பார்க்கும் பிள்ளைக்குக் கண் "அசையவில்லை" என்கிறது, உடம்பு வளைவுக்கு வளைவு ஆடுகிறது. செல்போனை அடிவாரத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். வாந்தி வருகிறவரை முன் சீட்டில் உட்காரவைத்து, சாலை திரும்பும் திசையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, பொங்கலும் வடையுமாக நிறைந்த வயிறும் கூடாது. கிளம்பும் முன் இரண்டு இட்லி, சட்னி இல்லாமல் பொடி தொட்டு, போதும். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டு அரை மணி நேரம் முன்னாலேயே கொடுக்க வேண்டும். நாலாவது வளைவில் குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். காது அடைத்தால் மிட்டாயைச் சப்பிக்கொண்டு எச்சில் விழுங்கினால் விட்டுவிடும்.

ஏறும்போது வண்டி ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பஸ் வரும் வளைவில் மூக்கை நுழைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குச் சாலையின் முழு அகலமும் தேவை. ஹார்ன் சத்தம் கேட்டால் வளைவுக்கு இருபது முப்பதடி முன்னாலேயே நின்று, அது திரும்பி முடித்தபின் போகலாம். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம், அதைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு மல்லுக்கு நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. அரை கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள். ஏழு பேர் ஏறிய காரில் இரண்டு மூன்று வளைவு அப்படி நின்றாலே கிளட்ச் தீயும் வாடை வந்துவிடும். நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோவதுதான் இந்தப் பயணத்துக்குப் பொருத்தம். விடுமுறை நாளில் ஏரிக்கரை ஓட்டல்களில் இடம் பிடிப்பதற்குள் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். பெரியவர் நாலு பேர், சிறுவர் இரண்டு பேர் என்றால் புளிசாதத்துக்கு அரை கிலோ அரிசி, தயிர்சாதத்துக்குக் கால் கிலோ தாராளம். புளிசாதத்துக்கு அரிசியைச் சற்று விறைப்பாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சூடு முழுக்க ஆறியபின் புளிக்காய்ச்சலைப் பிசைய வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் ஆவி வேர்த்துச் சொட்டி, மதியத்துக்குள் சாதம் குழைந்து ஒரு வாடை வந்துவிடும். தயிர்சாதத்தில் தயிரைக் கொட்டாதீர்கள். குழைய வடித்த சாதத்தில் வெதுவெதுப்பான பால் அரை லிட்டருக்கு மேல் ஊற்றி, இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் உறை ஊற்றியதுபோலக் கலந்தால் சாப்பிடும் நேரத்துக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும். உப்பு கடைசியில். மலைக்குளிரில் உறைவது மெதுவாகும் என்பதால் டிசம்பரில் மூன்று ஸ்பூன். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், அது அடிவாரம் தாண்டும் முன்பே மனதை மாற்றிக்கொள்ளும். உருளைக்கிழங்கு வறுவலும் ஊறுகாயும் போதும். சாப்பிட மந்தாரை இலைத் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள், எச்சில் இலையைக் குரங்குக்கு விட்டுவராமல் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

சேலத்துக்காரர் தட்டுவடை செட் இல்லாமல் கிளம்புவாரா? செட்டாக அடுக்கிக் கட்டிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரத்தில் நமுத்துவிடும். தட்டுவடையைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியாகவும், துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயத்தைத் தனியாகவும், சிவப்புச் சட்னி பச்சைச் சட்னி இரண்டையும் கெட்டியாக அரைத்துச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களிலும் எடுத்துக்கொண்டு, உச்சியில் காற்று மறைவாக உட்கார்ந்து அங்கேயே கட்டிச் சாப்பிடுங்கள். துருவலில் உப்பைச் சாப்பிடும்போதுதான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூனாக உப்பியிருக்கும். கெட்டுப்போனது அல்ல, உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் அப்படி.

குகையை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் மிச்ச நாள் முழுக்கக் கையில் இருக்கும். இறங்கும் வழியில் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தை எட்டிப் பார்க்கலாம், திறந்திருக்கும் நாள்தானா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். வழி நெடுக சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும் அடியில் காப்பிச் செடியுமாக இருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த பயிர் அந்தக் காப்பி. கோடை மழை ஒன்று பெய்த பத்து நாளில், பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில், தோட்டமே வெள்ளையாகப் பூத்து மல்லிகை வாசம் அடிக்கும். எஸ்டேட்டுக்குள் இறங்காமல் சாலையிலிருந்தே பாருங்கள். காட்டுமாடுகள் காப்பிக்காட்டுக்குள் நிற்பது உண்டு, அருகில் போய்ப் படம் எடுக்கும் விலங்கு அல்ல அது.

கிளியூர் அருவி ஏரி நிரம்பி வழிந்தால்தான் அருவி. மழை இல்லாத மாதத்தில் பெரியவர்களை அவ்வளவு படி இறக்கி ஏற்றுவதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. பகோடா பாயிண்ட் காட்சிமுனை பரவாயில்லை. லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தின் விளக்குகளைப் பார்க்க ஆசைப்பட்டால் இருட்டில்தான் மலை இறங்க வேண்டிவரும். மலைப்பாதை பழகாதவர் ஓட்டுகிறார் என்றால் அந்த ஆசையை விட்டுவிட்டு ஐந்து மணிக்கே இறங்க ஆரம்பித்துவிடுங்கள்.

கூட்டமான மே மாத ஞாயிறுகளில் ஏறுவதற்கு அடிவாரப் பாதை, இறங்குவதற்குக் குப்பனூர் பாதை என்று போலீஸார் ஒருவழியாக்கிவிடுவது உண்டு. குப்பனூர் வழி அயோத்தியாபட்டணம் பக்கம் கொண்டுவந்து விடும். வளைவு குறைவு, ஆனால் சரிவு அதிகம், சில இடங்களில் சாலையும் ஒடுக்கம்.

எந்த வழியில் இறங்கினாலும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. இன்ஜின் வண்டியைப் பிடிக்கட்டும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் விட்டு விட்டு அழுத்துங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்குப் பத்தாவது வளைவிலேயே பிரேக் வாடை வந்துவிடும். தொடர்ந்து அழுத்தினால் பட்டை சூடேறிப் பிடிப்பு குறையும், பழைய பிரேக் ஆயிலில் சேர்ந்திருக்கும் ஈரம் கொதித்து பெடல் பஞ்சாக உள்ளே போகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியரைத் தாழ்த்திப் பிடிக்கும் நிலையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டருக்கு இன்ஜின் பிடிப்பு மிகக் குறைவு, பின்னால் ஆள் வேறு இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிட்டே இறங்க வேண்டும். வாடை வந்துவிட்டது என்று சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துபோகவோ விரிசல் விடவோ வாய்ப்பு உண்டு. ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுக் காற்றிலேயே ஆறவிடுங்கள்.